மங்கலான முதற்படம்



பிள்ளை வளர்ப்பு, வீட்டுச் செலவு, உறவினரோடு ஒத்துவாழ்தல் என மாதந்தோறும் இப்பகுதியில் ஏதேனும் எழுதி வருகிறோம். பிறருக்கு அறிவுரை கூறுவது எளிது. நம் சொந்த வீட்டில் நாமே திருந்த நேர்ந்த கதையைச் சொல்வது அவ்வளவு எளிதன்று. இம்மாதம் அத்தகைய செய்தி ஒன்றைக் கூற விழைகிறோம். தொலைநோக்கியின் வழியாக வானத்தைப் படம் பிடிக்க முயன்ற ஒரு சிறுவனும், அவனுடைய முதற்படத்தைக் கண்டு நகைத்த ஒரு தந்தையும் இக்கதையில் வருகின்றனர். அத்தந்தை வேறு யாருமல்லர், நாமே.

வெள்ளை உருண்டை

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் நம் மைத்துனர் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் தம் அக்காள் மகனுக்கு ஒரு தொலைநோக்கியைப் பரிசாகக் கொணர்ந்தார். 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழியாடியும் 900 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட சிறு கருவி அது. குழாயின் அடியில் குழியாடி. வாயருகே அதன் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் சிறு சமதள ஆடி. அச்சிறு ஆடியைத் தாங்கிப் பிடிக்கச் சிலுவை வடிவில் நான்கு மெல்லிய தகடுகள். இந்த நான்கு தகடுகளை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுநூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். இது விற்பனைப் பேச்சு. ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணே ஒரு தொலைநோக்கி பயனுறப் பெருக்கக்கூடிய மேல் எல்லை என்பர். நம் கருவிக்கு அது ஏறத்தாழ 230 மடங்கு. உடன் வந்த இரு கண்ணருகு வில்லைகளுள் ஒன்று 36 மடங்கும், மற்றொன்று 90 மடங்கும் பெருக்கின. வீட்டு மாடிக்கு இதுவே தாராளம்.

முதல் இரவிலேயே படம் எடுத்துவிட வேண்டும் என்பது மகனின் ஆவல். மாடியில் கருவியை நிறுத்தி, முழுநிலவைக் கண்டுபிடித்து, தாயின் கைப்பேசியைக் கண்ணருகு வில்லையின் மேல் கையாலேயே பிடித்துக்கொண்டு படம் எடுத்தான். மூச்சிரைக்கப் படியிறங்கி வந்து, "அப்பா, பாருங்கள்!" என்று நீட்டினான். பார்த்தோம். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை உருண்டை. மலையுமில்லை, பள்ளமுமில்லை. விளிம்பும் கலைந்து இரண்டாகத் தெரிந்தது.

"தம்பி, இது நிலவா, அம்மா அவித்த இட்டலியா?" என்று கேட்டோம்.

அவனும் சிரித்தான். அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்து கோயில் வளாகத்தில் நின்ற நண்பர்களிடம் இதையே சொன்னோம். அவர்கள் சிரித்தார்கள். அருகில் நின்ற மகன் இம்முறை சிரிக்கவில்லை. அதை நாம் கண்டோம். ஆயினும் கருத்திற் கொள்ளவில்லை.

பிள்ளை கற்ற பாடங்கள்

பிள்ளை சோர்ந்துவிடவில்லை. தானே படித்தும் முயன்றும் கற்றுக்கொண்டான். அவன் கற்றவற்றை இங்கே சுருக்கித் தருகிறோம். இம்முயற்சியில் இறங்க விரும்பும் வேறு பிள்ளைகளுக்கும் இவை பயன்படும்.

நிலவு ஏன் வெள்ளை உருண்டையாயிற்று? இரவில் தெரிவதால் அதை நாம் மங்கலான பொருள் என எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது வெயிலில் கிடக்கும் பாறை. கைப்பேசியோ, சுற்றிலும் இருள் இருப்பதைக் கண்டு மிகுதியான ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது. திரையில் நிலவின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிட்டால் பள்ளங்கள் தோன்றத் தொடங்கும்.

விளிம்பு ஏன் இரண்டாயிற்று? படம் எடுக்கும் பொத்தானைத் தொட்ட விரலின் அதிர்வே காரணம். 90 மடங்கு பெருக்கும் கருவி நம் கை நடுக்கத்தையும் 90 மடங்கு பெருக்குகிறது. ஆதலின் கைப்பேசியைக் குழாயோடு இறுக்கும் ஒரு பிடிப்பானை வாங்கி, சில விநாடிகள் கழித்துத் தானே படம் எடுக்குமாறு அமைத்துவிட்டு, கையை எடுத்துவிட வேண்டும்.

முழுநிலவு நாள் படம் எடுக்கச் சிறந்த நாளன்று. அன்று கதிரவன் நிலவின் மேல் நேராக ஒளி வீசுவதால் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லையேல் மேடுபள்ளம் தெரிவதில்லை. அரைநிலவு நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட நிழல் வீழ்த்தும். அந்த இடத்தைத்தான் படம் பிடிக்க வேண்டும்.

கருவியை வீட்டினுள்ளிருந்து எடுத்தவுடன் பயன்படுத்தலாகாது. ஆடியின் வெப்பம் வெளிக்காற்றோடு ஒத்துவரும் வரை குழாயினுள் காற்று அலைந்து உருவத்தைக் கலைக்கும். அரைமணி நேரம் முன்னதாகவே மாடியில் வைத்துவிட வேண்டும்.

இன்னொன்றைப் பெற்றோர் தம் உள்ளத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். கதிரவனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புதல் ஒருபோதும் கூடாது. ஒரு நொடியில் கண்பார்வை போய்விடும்; படக்கருவியும் எரிந்துவிடும். அதற்கெனச் செய்யப்பட்ட தரமான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுவதும் மூடியிருந்தால் மட்டுமே கதிரவனை நோக்கலாம். கண்ணருகு வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடியை நம்புதல் பேராபத்து. குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடும்.

ஓடும் வானம்

நிலவு வசப்பட்ட பின் மகன் வியாழன் கோளுக்குச் சென்றான். 1610-ஆம் ஆண்டு சனவரியில் கலீலியோ தம் சிறு குழாயின் வழியாகக் கண்ட நான்கு துணைக்கோள்களும் நம் மாடியிலிருந்து ஒரே வரிசையில் தெரிந்தன. ஆனால் அவை நிற்கவில்லை. பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது. 90 மடங்கு பெருக்கத்தில் நோக்கும்போது ஒரு கோள் நம் பார்வை வட்டத்தின் ஓர் ஓரத்தில் நுழைந்து ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் மறு ஓரத்தில் மறைந்துவிடுகிறது. நாம் நிற்கும் இந்த உலகம் உருள்வதைப் பாடநூலில் படித்திருக்கிறோம். அது உருளும் வேகத்தைக் கண்ணால் காண்பது வேறொரு பாடம்.

இதற்காகவே கருவியின் தாங்கியில் ஓர் அச்சு சாய்வாக அமைந்துள்ளது. அந்த அச்சைத் துருவ விண்மீனை நோக்கித் திருப்பி வைத்தால், ஒரே ஒரு திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே விண்மீன்களைப் பின்தொடரலாம். ஆனால் ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, துருவ விண்மீனும் அங்கே அடிவானிலிருந்து அத்தனை பாகை உயரத்தில்தான் தெரியும். வடநாடுகளில் அது வானில் உயரே நிற்க, நம் ஊரில் பத்துப் பதினொரு பாகைக்கு மேல் எழுவதில்லை. நம் வீட்டில் அது அண்டை வீட்டுத் தென்னைகளின் பின்னே குடியிருக்கிறது. காந்த ஊசியை வைத்து, வடதிசையை ஏறத்தாழக் கணித்துக்கொண்டான் மகன்.

மார்கழியில் ஓரியன் எனப்படும் வேட்டைக்காரன் உருவ விண்மீன் கூட்டம் மாலையிலேயே கிழக்கில் எழும். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களால் அதை எவரும் அடையாளம் காணலாம். அவற்றுக்குச் சற்றுக் கீழே வெறுங்கண்ணுக்குப் பனிப்புகை போல் தெரிவதே ஓரியன் விண்முகில். புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயுப் படலம் அது. அதன் தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகள். இன்று நம் மாடியை வந்தடையும் அதன் ஒளி, பல்லவர் மாமல்லபுரத்தை ஆண்ட காலத்தையொட்டிப் புறப்பட்டது.

அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று பிள்ளை உறுதி பூண்டான். அப்போதுதான் கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. தெருவெங்கும் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திர விளக்குகள். நம் வீட்டு மாடியிலும் ஒன்று. "அம்மா, அந்த நட்சத்திரத்தை அரைமணி நேரம் அணையுங்கள். உண்மையான நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும்" என்று கெஞ்சினான். அணைத்தார் தாய். அண்டை வீட்டாரையும் கேட்டான். அவர்களும் நகைத்தவாறே அணைத்தார்கள். கோயில் கோபுரத்து வண்ண விளக்குகளை மட்டும் யாரிடம் சென்று கேட்பது? பெருவிழாக் காலம் முடியும் வரை காத்திருந்தான்.

சனவரியில் வானம் இருண்டது. எட்டு விநாடி நேரம் ஒளிபடுமாறு வைத்து முதற்படம் எடுத்தான். விண்மீன்கள் மண்புழுக்களைப் போல் நீண்டிருந்தன. ஒரு விநாடியாகக் குறைத்தான். புள்ளிகள் புள்ளிகளாயின, ஆனால் விண்முகில் தெரியவில்லை. படமெங்கும் மணல் தூவியது போன்ற பொய்ப்புள்ளிகள். மங்கலான ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால், இடம் மாறி மாறித் தோன்றும் பொய்ப்புள்ளிகள் குறைந்து, ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் உண்மை ஒளி மேலெழும் என்று அறிந்தான். 64 படங்களை அடுக்கினால் அந்த மணல் எட்டில் ஒரு பங்காகக் குறையும். அவ்வாறே 64 படங்கள் எடுத்து அடுக்கினான். இதற்கான கணினி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அதே வாரம் சிரியசு என்னும் பேரொளி விண்மீனையும் எடுத்திருந்தான். அதிலிருந்து சிலுவை போல் நான்கு ஒளிக்கதிர்கள் நீண்டிருந்தன. இதன் காரணத்தை அவன் தன் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்ததைச் செய்தித்தாளின் மறைவிலிருந்து கேட்டோம். விண்மீனில் சிலுவை இல்லையாம். குழாயின் வாயிலுள்ள நான்கு தகடுகளின் ஓரத்தில் ஒளி வளைவதால் அது உண்டாகிறதாம். 2021-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று விண்ணில் ஏவப்பட்ட வெப் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடி 18 அறுகோணத் துண்டுகளால் ஆனதாம். ஆதலின் அதன் படங்களில் ஒளிமிக்க விண்மீன்களுக்கு ஆறு பெரிய கதிர்கள் தோன்றுமாம். "படத்தைப் பார்த்தாலே எந்தக் கருவி எடுத்தது என்று சொல்லிவிடலாம்" என்றான் பெருமிதத்தோடு.

ஆறு கதிர்கள்

சனவரி இறுதியில் அவன் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடைபெறுவதாக இருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, அவன் மேசை மேல் ஒட்டி முடித்த அட்டை ஒன்றைக் கண்டோம். நடுவில் வண்ண வண்ண மேகங்களோடு ஒளிரும் ஓர் அழகிய படம். கீழே அவனுடைய முத்து முத்தான கையெழுத்தில், "எங்கள் வீட்டு மாடியிலிருந்து நான் எடுத்த ஓரியன் விண்முகில்."

படத்தின் நடுவே ஒளிவீசிய விண்மீனில் கதிர்களை எண்ணினோம். பெரிய கதிர்கள் ஆறு இருந்தன.

உள்ளம் கொதித்தது. எனினும் குரலை உயர்த்தாமல், "தம்பி, இது நம் மாடியில் எடுத்ததுதானா?" என்று கேட்டோம். அவன் தலை கவிழ்ந்தான். நெடுநேரம் கழித்து, "என் படத்தை வைத்தால் எல்லாரும் சிரிப்பார்கள் அப்பா. நீங்களே சிரித்தீர்களே" என்றான்.

நமக்கு மறுமொழி வரவில்லை. கண்டிப்பதற்கென நாம் எடுத்து வைத்திருந்த சொற்கள் யாவும் அந்த ஒரு சொல்லின் முன் நிற்கவில்லை. அன்றிரவு நம் துணைவியார், "இட்டலி என்று நீங்கள் சொன்ன நாள் முதல் பிள்ளை உங்களை மாடிக்கு அழைப்பதையே விட்டுவிட்டான். கவனிக்கவில்லையா?" என்றார். மெய்தான். மூன்று மாதங்களாக அவன் எடுத்த படங்களுள் ஒன்றையேனும் நாம் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் பொறுத்தோம். அந்த இரண்டு நாளும் விண்ணைப் படம் பிடித்த முதல் மனிதர்களைப் பற்றித் தேடிப் படித்தோம். மூன்றாம் நாள் இரவு, அழைக்கப்படாமலேயே மாடிக்கு ஏறிச் சென்று, மகனருகே பாயில் அமர்ந்தோம். "நான் சிரித்தது தவறு, தம்பி" என்று முதலில் கூறினோம். பிறகு படித்த கதையைச் சொன்னோம்.

ஒரு தந்தையும் ஒரு மகனும்

ஒளியைத் தகட்டில் பதிக்கும் கலையைத் தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தார். நிலவைப் பதிக்க அவரே முயன்றும் தெளிவற்ற கறையே கிடைத்தது. அடுத்த ஆண்டு, 1840-இல், நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் பேராசிரியர் இருபது நிமிட நேரம் நிலவின் ஒளியைத் தகட்டில் விழச்செய்து ஓர் உருவத்தைப் பெற்றார். இவர் மருத்துவம் பயில, இவருடைய அக்காள் டாரதி ஓவியம் கற்பித்து ஈட்டிய பணம் உதவியது. அந்த அக்காளை அசையாது அமரச் செய்து இவர் 1840-இல் எடுத்த உருவப்படம், உலகின் மிகப் பழைய உருவப்படங்களுள் ஒன்று.

இவருடைய மகன் ஹென்றி டிரேப்பர். அவரும் மருத்துவம் பயின்றவர். இருபதாம் வயதில் அயர்லாந்து சென்று அக்காலத்தின் மிகப் பெரிய தொலைநோக்கியைக் கண்டார். தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்னும் வேட்கையோடு திரும்பினார். உலோகத்தில் ஓர் ஆடியை அரும்பாடுபட்டுத் தேய்த்து முடித்தார். 1860-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஆடியின் உறைக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்ததில் அந்த ஆடி இரண்டாகப் பிளந்தது. முதல் முயற்சியின் முடிவு இது. அவர் சோர்ந்து அமரவில்லை. வெள்ளி பூசிய கண்ணாடியே சிறந்தது என ஆங்கில வானியலார் ஜான் ஹெர்ஷெல் கூறிய அறிவுரையை ஏற்று, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் புதிய கருவியால் 1863-ஆம் ஆண்டில் நிலவை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் எடுத்தார். ஒரே நிலவு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள்!

1867-இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமக்கள் இருவரும் உடனே சென்றது 28 அங்குல ஆடிக்கான கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க. அதையே தங்கள் திருமணப் பயணம் என்று அவர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. மனைவி மேரி அன்னா, தகடுகளுக்கு ஒளியுணர் பூச்சு பூசுவதிலிருந்து எல்லாப் பணிகளிலும் கணவரோடு நின்றார். 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு, ஹென்றி டிரேப்பர் 51 நிமிட நேரம் கருவியை இம்மியும் பிசகாமல் ஓடும் வானத்தோடு ஓட்டி, ஓரியன் விண்முகிலைத் தகட்டில் பதித்தார். உலகில் முதன்முதலாகப் படமாகிய விண்முகில் அதுவே. தந்தை நிலவைப் பிடித்த நாற்பதாம் ஆண்டில் மகன் அதைச் செய்தார். இன்று அப்படத்தைப் பார்ப்போர் ஏமாற்றமே அடைவர். வண்ணமில்லை. நடுவில் ஒரு வெண்கறை. சுற்றிலும் நீண்டு தடித்த சில விண்மீன்கள்.

இதைக் கூறியபோது மகன் நிமிர்ந்து பார்த்தான். "என் படத்தைப் போலவா அப்பா?" என்றான்.

"காட்டு, பார்ப்போம்" என்றோம். முதன்முறையாகக் கேட்டோம்.

காட்டினான். கறுப்பில் சாம்பல் நிறத்தில் புறாவின் இறகு ஒன்றை வைத்தாற்போல் ஒரு மெல்லிய படலம். நடுவில் நெருங்கி நிற்கும் சில புள்ளிகள். டிரேப்பரின் படத்தை அதனருகே வைத்துப் பார்த்தோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஹென்றி டிரேப்பர் 1882-இல், 45-ஆம் வயதில் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வதற்கென மேரி அன்னா தம் செல்வத்தை ஹார்வர்டு வானாய்வகத்துக்கு வழங்கினார். அதன் பயனாக 1918 முதல் 1924 வரை வெளிவந்த விண்மீன் அட்டவணையில் 2,25,300 விண்மீன்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த அட்டவணை இன்றும் ஹென்றி டிரேப்பரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

இரு சாட்சிகள்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தந்தையாகிய ஜான் வில்லியம் டிரேப்பர் 1874-ஆம் ஆண்டில், சமயமும் அறிவியலும் ஓயாது மோதுவன என்று வாதிட்டு, நம் திருச்சபையைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அதற்காக அவர் எடுத்த நிலவுப்படம் பொய்யாகிவிடாது. அவர் கருத்துக்கு மறுப்பாகவோ, அவர் நூல் எழுதுவதற்குப் பதினான்கு ஆண்டு முன்பே ஓர் இயேசு சபைக் குரு கதிரவனைப் படம் பிடித்திருந்தார். அவரைப் பற்றியும் மகனுக்குச் சொன்னோம்.

அவர் உரோமைக் கல்லூரி வானாய்வகத்தின் தலைவராக விளங்கிய அருட்தந்தை ஆஞ்சலோ செக்கி. முழுக் கதிரவ மறைப்பின்போது நிலவின் கருவட்டத்தைச் சுற்றிச் செந்நிறத் தீக்கொழுந்துகள் தோன்றுவதுண்டு. அவை கதிரவனைச் சேர்ந்தவையா, நிலவைச் சேர்ந்தவையா, அல்லது கண்ணின் மயக்கமா என்று அக்கால அறிஞர்கள் வாதிட்டு வந்தனர். 1860-ஆம் ஆண்டு சூலை 18-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் முழு மறைப்பு நிகழ்ந்தது. செக்கி அடிகள் மத்தியதரைக் கடலோரத்தில் ஓரிடத்திலிருந்து அதைப் படம் எடுத்தார். வாரன் டி லா ரூ என்னும் ஆங்கிலேயர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வடபகுதியிலிருந்து எடுத்தார். இருவர் படங்களையும் பின்னர் ஒப்பிட்டனர். அதே கொழுந்துகள், அதே வடிவங்கள். நிலவு நகர நகர ஒரு பக்கத்தன மறைந்தன. மறு பக்கத்தன வெளிப்பட்டன. ஆகவே அவை கண்ணின் மயக்கமும் அல்ல, நிலவினுடையவும் அல்ல. கதிரவனுடையவே என்பது உறுதியாயிற்று.

"ஒருவர் மற்றவர் படத்தைப் பார்த்து எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?" என்று மகனைக் கேட்டோம்.

சற்றுச் சிந்தித்து, "ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனே இருந்திருக்காது" என்றான்.

அதுதான் நாம் சொல்ல விரும்பியது. வானத்தின் படம் வெறும் அலங்காரமன்று. அது ஒரு சாட்சி. "இந்த இரவில், இந்த இடத்தில், இந்தக் கருவியின் வழியாக, இதை நான் கண்டேன்" என்று அது சொல்கிறது. சாட்சி திக்கிப் பேசலாம், குறைவாகப் பேசலாம். தான் காணாததைக் கண்டதாகச் சொன்னால் மட்டும் அது சாட்சியாகாது. இன்று சில கைப்பேசிகள் நிலவைப் படம் எடுத்தவுடன், வில்லையில் விழாத விவரங்களையும் தாமே இட்டு நிரப்பி அழகுபடுத்தித் தருகின்றன. பொறியே பொய்ச்சாட்சி சொல்லப் பழகும் காலத்தில், நம் பிள்ளைகள் மெய்ச்சாட்சியின் அருமையை அறிந்திருக்க வேண்டுமல்லவா?

அட்டையைப் பற்றி நாம் ஒன்றும் கட்டளையிடவில்லை. "கண்காட்சிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது" என்று மட்டும் கூறிவிட்டுக் கீழே இறங்கினோம்.

கண்காட்சியில்

அந்த நான்கு நாளில் அவன் புதிய அட்டை ஒன்றைச் செய்தான். மேல் வரிசையில் வெப் தொலைநோக்கியின் படம், அதன் கீழ், "இது 6.5 மீட்டர் அகல ஆடி கொண்ட விண்வெளித் தொலைநோக்கி எடுத்தது" என்னும் குறிப்பு. கீழ் வரிசையில் அவனுடைய படங்கள் மூன்று. முதலாவது, நாம் நகைத்த அந்த வெள்ளை உருண்டை. "முதல் இரவு. ஒளி மிகுதி, கை நடுக்கம்" என்று தன் பிழையைத் தானே எழுதியிருந்தான். இரண்டாவது, பள்ளங்கள் நிறைந்த அரைநிலவு. மூன்றாவது, சாம்பல் நிற இறகு. ஒவ்வொன்றின் கீழும் நாள், நேரம், வில்லை, ஒளிபட்ட விநாடிகள்.

பரிசு கிடைத்ததா என வாசகர்கள் கேட்பீர்கள். கிடைக்கவில்லை. சுழலும் சக்கரமும் மின்விளக்கும் கொண்ட வேறு பொருள்கள் பரிசு பெற்றன. பார்க்க வந்தோரில் பலர் மேல் வரிசைப் படத்தை மட்டும் கண்டு வியந்து, அடுத்த மேசைக்குச் சென்றனர். நாம் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியின் கையைப் பிடித்தவாறு வந்தாள். வண்ணப்படத்தை ஒரு முறை பார்த்தாள். பிறகு குனிந்து, அந்தச் சாம்பல் இறகையே உற்று நோக்கினாள்.

"அண்ணா, இது நம் ஊரிலிருந்தே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியுமே! இன்று இரவு ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலில் நின்று கிழக்கே பார். மூன்று நட்சத்திரம் வரிசையாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே" என்றான் மகன். கையை நீட்டி, கண்காட்சிக் கூடத்தின் கூரையைக் கடந்து எதையோ காட்டுபவனைப் போல் காட்டினான். பாட்டியும் அண்ணாந்து பார்த்தார்.

அந்த அட்டை இப்போது நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. விருந்தினர் வந்தால் அந்த வெள்ளை உருண்டையை நாமே முதலில் காட்டுகிறோம். இட்டலி என்று நாம் நகைத்ததையும் மறைக்காமல் சொல்கிறோம். மகன் இப்போது சிரிக்கிறான். மாடிக்கு ஏறும்போது, "அப்பா, வருகிறீர்களா?" என்று அழைக்கவும் செய்கிறான்.

உங்கள் இல்லத்திலும் ஒரு பிள்ளை கோணலான ஓர் ஓவியத்தையோ, சுருதி சேராத ஒரு பாடலையோ, மங்கலான ஒரு படத்தையோ மூச்சிரைக்கக் கொண்டுவந்து நீட்டக்கூடும். சிரிப்பதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள். "எப்படி எடுத்தாய், சொல்" என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.